சனிக்கிழமை மட்டும் வற்றும் அருவி

மலைப்பக்கமிருந்து கூதல்காற்று இறங்கத் தொடங்கியதும் தென்காசியில் எல்லார் வீட்டுப் போனும் ஒரே கேள்வியோடுதான் அடிக்கும். “தண்ணி விழுதா?” சாப்பாடு ஆச்சா, முட்டுவலி தேவலையா என்பதெல்லாம் அப்புறம்தான். பங்குனி, சித்திரையில் நாங்கள் வெயிலில் வெந்து கிடக்கும்போது இருக்கிறோமா செத்தோமா என்று எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம், குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அருவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று உருகி உருகி விசாரிக்கும். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் அம்மாவுக்கு மட்டும்தான். மதுரையில் இருக்கும் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சீசனில் வாரம் தவறாமல் கூப்பிடுவாள். அம்மா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாரலில் நனைந்த துணிகளை ஃபேனுக்குக் கீழே உணத்திக்கொண்டே, முகத்தில் ஒரு சோகத்தை வரவழைத்துக்கொள்வாள். “எங்க மதினி, கல்லு காயுது. இந்த வருசம் சீசனே இல்லன்னு பேசிக்கிடுதாவ.” வெளியே கூரைத் தகரத்தில் சாரல் சடசடவென்று அடித்துக்கொண்டிருக்கும். சத்தம் போனில் கேட்டுவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தும்படி எனக்குக் கண்ணாலேயே உத்தரவு வரும்.

அப்பாவுக்கு இந்த அதிகாரம் பறிபோய் ரொம்ப நாளாகிவிட்டது. அச்சன்புதூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல்வயல் உண்டு. தண்ணீர் என்றால் அப்பாவுக்கு வாய்க்கால் தண்ணீர்தான். ஒருமுறை அம்மா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவரே போனை எடுத்து, “அக்கா, ஒரே வெள்ளம்லா. வாய்க்கா நெறஞ்சு போகுது” என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டார். மறுநாள் விடிவதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. அத்தை, மாமா, அவர்களின் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள், கூடவே யாரென்று இன்றுவரை எங்களுக்குப் பிடிபடாத ஒரு தம்பதி. கக்கூஸ் வாசலில் வரிசை, வாசல் கேட் முழுக்க ஈரத்துண்டு, அடுப்பை விட்டு இறங்காத இட்லிக் கொப்பரை. அவர்கள் போன அன்று அம்மா அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “நீங்க இனிமே போனத் தொடாதிய.” அன்றிலிருந்து அவர் தொடுவதில்லை.

இந்த லட்சணத்தில் இருக்கிற வீட்டிலிருந்துகொண்டு நான் பார்க்கிற வேலையோ விண்வெளியில்.

பெங்களூரில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனி அது. சாட்டிலைட்டுகள் அனுப்பும் படங்களையும் கணக்குகளையும் வாங்கி, மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகளில் எப்போது தண்ணீர் கூடும், எப்போது குறையும் என்று கம்ப்யூட்டரைச் சொல்லவைப்பது எங்கள் பிழைப்பு. நல்லபடியாகச் சொல்லக் கற்றுக்கொள்கிற கம்ப்யூட்டர் மாடலைக் கடைசியில் ஒரு சிப்பில் அடைத்து, கம்பெனி விடப்போகும் குட்டிச் சாட்டிலைட்டிலேயே ஏற்றிவிடுவார்கள். படத்தைக் கீழே அனுப்பி நாம் மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில், மேலே சுற்றும்போதே அது பார்த்து, அதுவே யோசித்து, “இந்த ஆத்துல வெள்ளம் வருது” என்று ஒரு வரி அனுப்பினால் போதும். திட்டம் அதுதான்.

பல வருடம் பெங்களூரில் குப்பை கொட்டியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரன் பல் தேய்ப்பது தெரியும் ஒரு அறையில். சீசன் நேரத்தில் தென்காசிக் கோயில் வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும், சாரல் முகத்தில் பூப்போல வந்து விழும். அதை விட்டுவிட்டு அங்கே எதற்குக் கிடக்கிறேன் என்று ஒருநாள் எனக்கே கோபம் வந்து, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். எனக்கு இந்த ஊர் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. அம்மா விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த முன்னறையைக் கழுவித் துடைத்து, புது மெத்தை போட்டு, “இது ஒன் ரூமு” என்றாள்.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடச் சில வயது மூத்த பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயமே. “சீசன் முடியறதுக்குள்ள உங்க மாடல் நிஜமாலுமே வேலை செய்யுதுன்னு காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா அங்கயே இருந்துக்கலாம். இல்லைன்னா எல்லாரையும் மாதிரி ஆபீஸுக்கு வந்துருங்க” என்றார். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்குச் சொதி பிடிக்குமாலே?” என்று கேட்டாள். தேங்காய்ப்பால் குழம்பு வைத்து ஆளை மடக்குவது அவளுடைய வழி.

என் மாடலுக்கு நான் எடுத்துக்கொண்டது குற்றால அருவிதான். அருவியை மேலேயிருந்து நேரடியாகப் படம் பிடிக்க முடியாது. சீசனில் அதன் தலைமேல் எப்போதும் மேகம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் சுற்றிவளைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சாட்டிலைட் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும். இன்னொன்று மேகத்தைத் துளைத்துக்கொண்டு ரேடாரால் மலைக்காட்டு மண்ணின் ஈரத்தைத் தடவிப் பார்க்கும். இதையெல்லாம் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, “வானம் இப்படி இருந்த அன்னிக்கு அருவி இப்படி விழுந்தது” என்று நாள்வாரியாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தால், அது தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். வானத்துக் கணக்கு எங்களிடம் இருந்தது. அருவி எப்படி விழுந்தது என்று தினமும் சொல்லத்தான் கீழே ஆள் வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குத் ‘தரை உண்மை’ என்று பெயர். தென்காசியில் போய்த் தரை உண்மை தேடினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் காலையில் கூட்டமாக நடக்கப் போவார்கள். சிற்றாற்றுப் பாலத்தில் ஒரு பார்வை, பால்காரரிடம் ஒரு பேச்சு, குற்றாலத்திலிருந்து திரும்புகிற ஆட்டோவில் இருப்பவர்களின் தலை ஈரமா காய்ந்திருக்கிறதா என்று ஒரு நோட்டம். அருவிக்குப் போகாமலே அருவியின் ஜாதகம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். போன சீசனிலிருந்தே எல்லாருடைய வாட்ஸப்புக்கும் காலையில் தானாக ஒரு கேள்வி போகும்படி செய்தேன். “இன்னைக்குத் தண்ணி விழுதா?” கீழே நான்கு பட்டன். இல்லை, சுமாராக விழுகிறது, நன்றாக விழுகிறது, குளிக்க விடவில்லை. ஒன்றைத் தொட்டால் முடிந்தது. ஒருத்தர் விடாமல் தொட்டார்கள். அதுவும் எப்படி, பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. இப்படி ஒரு ஒற்றுமையான சாட்சியை எந்த ஊரிலும் பார்க்க முடியாது என்று நான் பூரித்துப் போனேன்.

போன சீசன் பதில்களையும் இந்த சீசன் ஆரம்பப் பதில்களையும் சேர்த்துப் போட்டுப் பழக்கினேன். மாடல் சும்மா பிளந்து கட்டியது. மற்ற மலைகளில் மற்ற ஆறுகளை வைத்துக்கொண்டு என் சக ஊழியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, என்னுடையது மட்டும் தெரு சொல்லும் பதிலை அச்சு அசலாகச் சொன்னது. அதைவிட விசேஷம், அது ஒரு புது விஷயத்தையும் கண்டுபிடித்திருந்தது. திங்கள் முதல் புதன் வரை அருவி ஒழுங்காக, வானத்துக்குத் தக்கபடி விழுகிறது. வியாழக்கிழமை தாண்டியதும் குறைகிறது. சனி, ஞாயிறு வற்றிவிடுகிறது. மலையில் மழை கொட்டினாலும் வற்றிவிடுகிறது. திங்கள் காலை பார்த்தால் மறுபடி விழுகிறது. படமாக வரைந்து பார்த்தால் அலை அலையாக அவ்வளவு அழகு. அதற்கு ‘வாரத் துடிப்பு’ என்று பெயர் வேறு வைத்து, மீட்டிங்கில் பெருமையாகக் காட்டினேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “வீக்கெண்டுல டூரிஸ்ட் கூட்டம் ஜாஸ்தி இல்லீங்களா? மேல யாராவது மோட்டார் போட்டு ஆத்துத் தண்ணிய இழுக்கறாங்களோ என்னமோ. இது மட்டும் நிஜம்னா, மேல இருந்தே தண்ணித் திருட்டக் கண்டுபுடிச்ச மொத மாடல் நம்முளுதாத்தான் இருக்கும்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மாடலைத்தான் சாட்டிலைட்டில் ஏற்றவேண்டும் என்று அன்றைக்கே பேச்சு அடிபட்டது.

உள்ளூர்க்காரனுக்கு இது தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் தென்காசிக்காரன் எவனும் சனி, ஞாயிறு குற்றாலத்துக்குப் போகமாட்டான். அந்தக் கூட்டத்தில் அருவியில் நனைவதைவிட அடுத்தவன் தலை எண்ணெயில் நனைவதுதான் அதிகம். செவ்வாய், புதனில் சத்தமில்லாமல் போய்க் குளித்துவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். அதுபோக, சனிக்கிழமை காலையில் “யம்மா, தண்ணி விழுதா?” என்று வீட்டுக்குள் கேட்டால் எனக்கும் “கல்லு காயுது” என்றுதான் பதில் வரும். அத்தையிடம் அவள் புளுகுவாள் என்று தெரியும். பெற்ற பிள்ளையிடமும் ஒரு மிஷினிடமுமா புளுகுவாள் என்று இருந்துவிட்டேன்.

“வர சனிக்கிழமை நானே நேர்ல வந்து பாக்கறேன். வறண்டு கெடக்கறத என் கண்ணால பாத்துட்டேன்னா, நீங்க தென்காசியிலயே இருந்துக்கலாம், கையெழுத்துப் போட்டுத் தந்தர்றேன்” என்று மேனேஜர் சொன்னபோது நான் உள்ளுக்குள் குதித்தேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “சனிக்கெழமையா? தண்ணி இல்லன்னு சொல்ல வேண்டியதுதானல” என்றாள். “யம்மா, தண்ணி இல்லங்கதப் பாக்கத்தான் வாராவ” என்றேன். அவள் அப்படி ஒரு விருந்தாளியை அதுவரை கண்டதில்லை. தேங்காய் உடைக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பெங்களூரிலிருந்து மதுரைக்குப் பறந்து, அங்கிருந்து கார் பிடித்து வந்து இறங்கினார் மேனேஜர். தென்காசி முழுக்கச் சாரல். மலை இருந்த இடத்தில் வெள்ளைத் திரைதான் இருந்தது. குற்றாலம் போகிற வழியெல்லாம் ஈரத்தலையும் தோளில் துண்டுமாக ஆட்கள். மேனேஜர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “லாட்ஜுல குளிச்சிட்டு வருவாங்களா இருக்கும்” என்று சொல்லிவைத்தேன். நான் சொன்னதை நானே நம்பினேன் என்பதுதான் இதில் கொடுமை.

மெயினருவிக்கு முன்னால் போய் நின்றோம். பாறையே தெரியவில்லை. வெள்ளம் அப்படி இடித்துக்கொண்டு விழுந்தது. போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். குளிக்கத் தடை போட்டு, கயிறு கட்டியிருந்தார்கள். கம்பிக்குப் பக்கத்தில் நின்ற மேனேஜர் அருவியின் தூவலிலும் சாரலிலுமாகத் தலையோடு கால் நனைந்துவிட்டார். நான் என் போனைத் திறந்து மாடலின் அன்றைய பதிலைப் பார்த்தேன். ‘இல்லை’ என்று போட்டிருந்தது. அதுவும் எவ்வளவு தைரியமாக.

மேனேஜரும் எட்டிப் பார்த்தார். குரல் உயரவே இல்லை. “உங்க மாடலுக்கு என்னென்னங்க குடுத்தீங்க?” என்றார். மேகம், மண், மழை, தேதி என்று அடுக்கினேன். “தேதின்னா?” “மாசம், நாள்… அப்புறம் கிழமை.” அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “தண்ணிக்குக் கிழமை தெரியுமுங்களா?” என்று கேட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து வந்த கணக்கை எல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு, என் மாடல் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் நாள்காட்டியை. அது புரிந்தது. நாள்காட்டியைப் பார்த்தால் எப்படிச் சரியான பதில் வந்துகொண்டிருந்தது என்பதுதான் புரியவில்லை. பெங்களூர் அறையின் ஜன்னலும், அதில் பல் தேய்க்கிற ஆளும் கண்முன் வந்து போனார்கள்.

வீட்டில் அம்மா சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல் என்று மறுவீட்டு விருந்து மாதிரி செய்துவைத்திருந்தாள். மேனேஜர் துவட்டியும் காயாத தலையோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில். நான் ஒரு பருக்கை இறங்காமல் எதிரில். அம்மா இரண்டாம் முறை சொதி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. கையெல்லாம் சொதி, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏட்டி, எப்படி இருக்க? தண்ணி விழுதா?” அத்தையின் குரல்.

“எங்க மதினி,” என்றாள் அம்மா, கரண்டியை நிறுத்தாமலே. “கல்லு காயுது. காத்து கூட இல்ல.”

மேனேஜரின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவருடைய தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், அம்மா மட்டும் பார்க்கவில்லை.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. “யம்மா, தெனமும் காலைல நான் அனுப்புத கேள்விக்கும் இப்படித்தான் சொன்னியா?”

“பொறவு?” என்றாள் அம்மா, நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதைப்போல. “யாரு கேக்கான்னு தெரியாம எப்படில உண்மையச் சொல்ல முடியும்? செவ்வா, பொதன்னா சொல்லலாம், எவனும் கெளம்பி வரமாட்டான். வியாழன் தாண்டிட்டா எப்படிச் சொல்ல?”

“தெருவுல எல்லாருமா?”

“எல்லாரும்தான். நான் இல்லங்கேன், எதுத்த வீட்டுக்காரி விழுதுங்கான்னு வையி, யாருக்கு அசிங்கம்? நடக்கப் போகும்போதே பேசி வச்சிக்கிடுவோம்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா” என்று சோற்றைப் பார்த்துச் சொன்னார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

“ஏட்டி, அங்கன என்ன சத்தம்?” என்று போன் பேசியது. ஸ்பீக்கரை அணைக்க எல்லாருமே மறந்திருந்தோம். நான் இருந்த எரிச்சலில் குனிந்து, “அத்தை, நான்தான் பேசுதேன். தண்ணி வெள்ளமா விழுது. குளிக்கவே விடல” என்று போட்டு உடைத்தேன். அம்மா கரண்டியால் என்னை அடிக்க வந்தாள்.

“தெரியும்ல,” என்றாள் அத்தை, சாவகாசமாக. “காலைலயே டிவில காட்டிட்டான்.”

“அப்புறம் எதுக்குக் கேக்கிய?”

“கேக்காம எப்படில வர? ஒங்கம்மா விழுதுன்னா வாரோம். இல்லன்னா அவளுக்கு இந்த வாரம் தோதுப்படலன்னு இருந்துக்கிடுதோம். அவளுக்கும் ஆயிரம் சோலி இருக்கும்லா. எல்லா வருசமும் இப்படித்தான நடக்கு.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரை ஏய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கேயிருந்து அவள் குரல் சின்னதாகக் கேட்டது. “மதினி, வார வியாழக்கெழம வந்திருங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க.”

மேனேஜர் சொதியை முழுக்கச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்துதான் பேசினார். “உங்க மாடல் தப்பே பண்ணலைங்க. நீங்க என்ன சொல்லிக்குடுத்தீங்களோ அதத் துல்லியமாக் கத்துக்கிச்சு. என்னைக்குத் தண்ணி வருதுங்கறத இல்ல, என்னைக்கு உங்க தெருவுக்கு விருந்தாளுங்க வரலாம்ங்கறத.” சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மாவின் புளுகு ராக்கெட் ஏறி, பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து, சனிக்கிழமைதோறும் “கல்லு காயுது” என்று சொல்லப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும்.

கிளம்பும்போது தீர்ப்புச் சொன்னார். கிழமையை எடுத்துவிட வேண்டும். பழைய வார இறுதிப் பதில்களை எல்லாம் தூக்கி எறிய வேண்டும். மிச்சமிருக்கிற சீசனில் உண்மையான பதிலைச் சேர்த்து மாடலை முதலிலிருந்து பழக்க வேண்டும். “ஆனா ஒண்ணு, மாடல நான் பரிசோதிக்க மாட்டேன். உங்க அம்மாவத்தான் பரிசோதிப்பேன். ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை கூப்புடுவேன். அன்னைக்கு அவங்க உண்மை சொன்னாங்கன்னா உங்க தெருப் பதில நம்பலாம், நீங்க இங்கயே இருக்கலாம். இல்லைன்னா பொட்டியக் கட்டிட்டு வந்துருங்க.” அம்மாவும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் முழுக்க நான் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். உண்மையைச் சொல்லச் சொல்லி ஊரில் ஓட்டுக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கோடி வீட்டு ஆச்சி என்னை உட்காரவைத்து விசாரணையே நடத்தினாள். “நான் சொல்லுதது யாருக்கும் தெரியாதுல்லா?”

“சாட்டிலைட்டுக்கு மட்டுந்தான் தெரியும் ஆச்சி.”

“அது யாருட்டயும் போயிச் சொல்லாதே?”

“சொல்லாது.”

“எம் மருமவன் சாட்டிலைட் டிவிதான் வச்சிருக்கான். எதுக்கும் பாத்துக்கலே.”

ஒருவழியாக வழிக்கு வந்தார்கள். அடுத்த வார இறுதியில் முதல்முறையாக எங்கள் தெருவிலிருந்து ‘நன்றாக விழுகிறது’ என்று பதில்கள் வந்தன. அதில் சிலது காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றுமாக மாறியதையும் சொல்ல வேண்டும். பழக்கதோஷம். மாடல் இப்போது முன்போலத் துல்லியமாக இல்லை, அங்கங்கே தடுமாறியது. ஆனாலும் வானத்தைப் பார்த்துத் தடுமாறியது. எனக்கு அது போதும்.

அதற்கு நடுவில், வியாழக்கிழமை அத்தை படையோடு வந்து இறங்கினாள். பல வருடம் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே தடவையில் அனுபவித்துவிட்டுப் போனார்கள். அந்த யாரென்று தெரியாத தம்பதியும் வந்திருந்தார்கள். அத்தையும் அம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்து ராத்திரி வரைக்கும் பேசிச் சிரித்தார்கள் என்பது உண்மைதான். அவர்கள் போன பிறகு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்பதும் உண்மைதான். சீசனில் துணி காயாது. தலையணை உறைகளும் போர்வைகளும் கூடம் முழுக்கக் கொடி கட்டித் தொங்கின. அதற்குள் புகுந்து புகுந்துதான் நாங்கள் வீட்டுக்குள் நடமாட வேண்டியிருந்தது.

அந்தத் துணிகள் காய்ந்து, அம்மா ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார்.

“உங்க மாடல் நாளைக்கு நல்லா விழும்னு சொல்லுதுங்க. பசங்களுக்கு லீவு. எங்க மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம் எல்லாம் இங்கதான் இருக்காங்க. அம்மாகிட்டக் குடுங்க, கேட்டுக்கறேன்.”

அன்றைக்கு மாடல் சொன்னது சரிதான், மத்தியானம் நானே பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் கேள்வி மாடலுக்கு இல்லை. போனின் வாயைப் பொத்திக்கொண்டு, “யம்மா, அவியதான். குடும்பத்தோட வாராவளாம்” என்றேன். எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அம்மா கையிலிருந்த போர்வையைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அம்மா பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார். அவள் போனை வாங்கினாள். மறுமுனையில் அதே கேள்வி கேட்பது எனக்கும் கேட்டது. அம்மா தொண்டையைச் செருமினாள். முகத்தில் அந்தப் பழைய சோகம் பாதி வந்துவிட்டது. அது அவளை அறியாமல் வருவது.

“விழுதும்மா,” என்றாள். “வெள்ளமா விழுது. பிள்ளையளக் கூட்டிட்டு எல்லாரும் வாங்க. சொதி வைக்கேன்.”

போனை என்னிடம் நீட்டிவிட்டு, மடித்து ஏற்றிய போர்வைகளை அலமாரியிலிருந்து மறுபடி கீழே எடுக்க ஆரம்பித்தாள். எனக்கு ஏதோ சொல்லவேண்டும்போல இருந்தது. கேட்டது வேறு எதையோ.

“இத்தன பேரையும் எங்கனம்மா படுக்க வைப்ப?”

“ஒன் ரூம்லதான்.”

“அப்ப நான்?”

“கூடத்துல பாய விரிச்சிப் படு,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “நீ இங்கனதானல இருக்கப் போற.”